எழுந்து போனால் விக்கெட் விழும்

எங்கள் பெரியப்பா வங்கியில் கணக்கு பார்த்து ஓய்வுபெற்றவர். ராகுகாலம், எமகண்டம் எதுவும் பார்க்கமாட்டார். பூனை குறுக்கே வந்தால் அது போகட்டும் என்று நின்று வழிவிடுவார், அவ்வளவுதான். அப்பேர்ப்பட்ட மனிதர், சென்னை சூப்பர் கிங்ஸ் ஆடும் நாளில் வலது காலை இடது காலின் மேல் போட்டுக்கொண்டு பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால், விக்கெட் விழும்வரை காலை மாற்றமாட்டார். ஜோடி நிலைத்துவிட்டால் கால் மரத்துப்போனாலும் அப்படியேதான். பெரியம்மா கூடத்துக்குள் வரும் நேரம் பார்த்து யாராவது ஆட்டமிழந்துவிட்டால், அன்று முழுக்க அவருக்கு அடுக்களைதான் கதி. "எங்கேயோ ஆமதாபாத்தில் பந்து போடுகிறவனுக்கு நான் இங்கே காபி கொண்டுவருவது தெரியுமா?" என்று கேட்பார். கேட்டுவிட்டு, அடுக்களை வாசலில் நின்றபடி, எதிர்ச்சுவர்க் கண்ணாடியில் தெரியும் டிவியைப் பார்ப்பார். கண்ணாடியில் பார்த்தால் கணக்கில் சேராதாம். வலக்கை ஆட்டக்காரர்கள் எல்லோரும் அவருக்கு இடக்கை ஆட்டக்காரர்கள்.

இதில் நமக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. அணி ஒரு நிறுவனத்துடையது. ஆடுகிறவர்கள் ஏலத்தில் எடுக்கப்பட்டவர்கள். 2008 பிப்ரவரிக்கு முன்பு இப்படி ஓர் அணிக்கு ஆட்கள்கூடக் கிடையாது. மும்பையில் ஓர் அரங்கத்தில் விலை கூவி, ராஞ்சிக்காரர் ஒருவரைப் பதினைந்து லட்சம் டாலருக்கு வாங்கினார்கள்; சில ஆண்டுகளில் அவர் 'தல' ஆகிவிட்டார். கோப்பை வந்தாலும் நம் வீட்டு மின்கட்டணம் குறையப்போவதில்லை. ஆனாலும் தோற்ற இரவில் சோறு இறங்குவதில்லை. ஊர்ப்பாசம் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சென்னையும் குஜராத்தும் மோதிய 2023 ஐபிஎல் இறுதி ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மே 28 அன்று நடக்க வேண்டியது. மழையால் மறுநாளுக்குப் போய், அன்றும் மழை குறுக்கிட்டு, 30ஆம் தேதி அதிகாலையில்தான் முடிந்தது. முதலில் ஆடிய குஜராத் டைட்டன்ஸ் 214 ரன் குவித்தது. அதில் 96 ரன் சாய் சுதர்சன் அடித்தது, 47 பந்துகளில். சாய் சுதர்சன் சென்னைப் பையன். இந்த ஊர் லீக் ஆட்டங்களில் ஆடி வளர்ந்தவர். சதத்துக்கு நான்கு ரன் பாக்கி இருக்கும்போது எங்கள் அணியின் பதிரனாவின் பந்தில் எல்பிடபிள்யூ ஆனார். பதிரனா இலங்கையின் கண்டியில் பிறந்தவர். கண்டிக்காரர் சென்னைக்காரரை வீழ்த்தியதற்கு எங்கள் தெருவில் விசில் பறந்தது.

இதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்னால், 2013இல், இலங்கை வீரர்கள் சேப்பாக்கத்தில் ஆடக்கூடாது என்று மாநில அரசு உறுதியாக நின்றது. ஐபிஎல் நிர்வாகமும் இணங்கி, அந்த ஆண்டு சென்னையில் நடந்த ஆட்டங்களில் அவர்களை இறக்கவில்லை. ஈழப் போர் முடிந்து நான்கு ஆண்டுகூட ஆகியிருக்கவில்லை. கோபத்துக்கு விளக்கம் தேவைப்படாத காலம் அது. 2022 ஏலத்தில் இலங்கையின் தீக்ஷனாவைச் சென்னை வாங்கியபோதுகூட, இந்த அணியைப் புறக்கணிப்போம் என்று சமூக வலைத்தளங்களில் குரல் எழுந்தது. அடுத்த ஆண்டே பதிரனா பந்தை வாங்கினால் சேப்பாக்கம் எழுந்து நின்றது. எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்று சொல்லமாட்டேன். 2009க்குப் பிறகு எந்த இலங்கை வீரருக்கும் கைதட்டாத நண்பர் எனக்கு உண்டு. மஞ்சள் சட்டை போட்டிருந்தாலும் தட்டமாட்டார், நான் அவரிடம் இதைப் பற்றிப் பேசுவதும் இல்லை. ஆனால் பெருங்கூட்டத்துக்கு அந்தச் சட்டை ஏதோ செய்துவிட்டது. ஊர் என்பது பிறந்த இடம் என்றால், அன்று நாங்கள் சாய் சுதர்சனுக்காக அல்லவா அழுதிருக்க வேண்டும்?

சரி, வீரர்கள்மேல் உள்ள மயக்கம் என்று வைத்துக்கொள்வோம். இதைச் சோதித்துப் பார்க்க நமக்கு ஒரு வாய்ப்பே அமைந்தது. சூதாட்ட விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் அமைத்த லோதா குழு 2015 ஜூலையில் சென்னை, ராஜஸ்தான் அணிகளுக்கு இரண்டு ஆண்டு தடை விதித்தது. வீரர்கள் பிரிந்தார்கள். தோனி, அஸ்வின், டூ பிளெஸ்ஸி புனேவுக்கு. ரெய்னா, ஜடேஜா, பிராவோ, மெக்கல்லம் ராஜ்கோட்டைத் தலைமையிடமாகக் கொண்ட குஜராத் லயன்ஸ் அணிக்கு. 2017இல் புனே அணி இறுதி ஆட்டம்வரை வந்தது. ஹைதராபாத்தில், மும்பை இந்தியன்ஸை எதிர்த்து. தோனி இருந்தார். பதினேழு வயது வாஷிங்டன் சுந்தரும் இருந்தார், அசல் சென்னைப் பிள்ளை. மும்பை எடுத்தது வெறும் 129. புனே 128 எடுத்து ஒரே ரன்னில் தோற்றது.

பெரியப்பா கொட்டாவி விட்டுக்கொண்டு எழுந்து, நாற்காலியை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, "நல்ல மேட்ச்" என்று சொல்லிப் படுக்கப் போனார்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 2019 மே மாதம், அதே ஹைதராபாத், அதே மும்பை, மறுபடியும் இறுதி ஆட்டம். இம்முறை எதிரில் சென்னை. முழங்காலில் ரத்தம் கசிந்து கால்சட்டை நனைந்திருக்க வாட்சன் 80 ரன் அடித்தார். தோனி ரன் அவுட் ஆனது சரியா தவறா என்று இன்றுவரை வீட்டில் வழக்கு நடக்கிறது. கடைசிப் பந்தில் இரண்டு ரன் தேவை; மலிங்காவின் பந்து ஷர்துல் தாக்கூரின் காலில் பட்டது; நடுவர் விரலைத் தூக்கினார். தோல்வி அதே ஒரு ரன்னில். அன்று பெரியப்பா விளக்கை அணைக்கவும் இல்லை, டிவியை நிறுத்தவும் இல்லை. பரிசளிப்பு முடிந்து, விளம்பரங்கள் முடிந்து, பழைய ஆட்டம் ஒன்றை மறுஒளிபரப்பு செய்ய ஆரம்பித்த பிறகும் காலை மடித்தபடியே உட்கார்ந்திருந்தார். பெரியம்மா கண்ணாடியை விட்டு நேராகவே கூடத்துக்கு வந்து, தயிர்சாதத்தைக் கையில் கொடுத்தார்.

அதே மைதானம், அதே எதிரணி, அதே ஒரு ரன், அதே தோனி. ஒன்று நல்ல மேட்ச். இன்னொன்று சாவு வீட்டு மௌனம். இவ்வளவு துல்லியமாக ஒப்பிட்டுப் பார்க்க யாருக்கும் கிடைக்காது என்று நினைக்கிறேன்.

இடையில் 2018 வந்தது. தடை முடிந்து அணி சேப்பாக்கத்துக்குத் திரும்பிய நாள் ஏப்ரல் 10. காவிரி மேலாண்மை வாரியம் கேட்டு ஊரே கொதித்துக்கொண்டிருந்த நேரம். வாலாஜா சாலையிலும் அண்ணா சாலையிலும் மறியல். உள்ளே மஞ்சள் கூட்டம். கேலரியிலிருந்து செருப்புகள் பறந்து எல்லைக்கோட்டருகே ஜடேஜாவுக்குப் பக்கத்தில் விழுந்தன. அன்று கொல்கத்தா அணியின் தலைவர் தினேஷ் கார்த்திக், இவரும் சென்னைக்காரர். கொல்கத்தா 202 அடித்தும் ஒரு பந்து மீதமிருக்கச் சென்னை வென்றது. மறுநாள் காவிரிக்கு உண்ணாவிரதம் இருந்த என் சித்தப்பா மகன், முந்தின இரவு அந்த கேலரியில் விசிலடித்தவன். அவனைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே ஊர்க்காரன் செய்யும் வேலைதான். இரண்டுக்கும் நடுவே மோதல் இருப்பதாகச் சொன்னால் என்னை வினோதமாகப் பார்க்கிறான்.

மீதி ஆட்டங்களைச் சென்னையில் நடத்த முடியாது என்று புனேவுக்கு மாற்றினார்கள். ஆமாம், அதே புனேதான். அதற்கு முந்தின வருடம் தோனியே ஆடியும் எங்களால் ஒட்டிக்கொள்ள முடியாத ஊர். நிர்வாகம் ஒரு சிறப்பு ரயில் ஏற்பாடு செய்தது. ஆயிரம் பேர் அளவில் மஞ்சள் சட்டையோடு சென்ட்ரலில் ஏறிப்போனார்கள். ஏப்ரல் 20 அன்று வாட்சன் ராஜஸ்தானை எதிர்த்து 106 அடித்தபோது அது சேப்பாக்கமாகத்தான் இருந்தது. ரயிலில் போனவர்கள் திரும்பி வந்து ஆட்டத்தைப் பற்றிப் பேசியதைவிட, ஒரு நாள் நெருங்கிய அந்தப் பயணத்தையும் பெட்டிக்குள் நடந்த பாட்டையும் கூத்தையும் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

இங்கே தோனி ரசிகர்கள் என்னை மறிப்பார்கள். 2023இல் எதிரணி மைதானங்கள்கூட மஞ்சளானது அவரால்தானே? மறுக்கமாட்டேன். அந்தப் பிரியத்தில் எனக்குப் பிடிக்காத ஒரு முகமும் உண்டு. ஏழாவது எட்டாவது ஆளாக அவர் இறங்குவதைப் பார்க்க வேண்டும் என்பதற்காக, ஆடிக்கொண்டிருக்கும் சொந்த அணி வீரர் ஆட்டமிழந்தால் சேப்பாக்கத்தில் ஆரவாரம் எழும். ஜடேஜாவே அந்த ஆண்டு அதைச் சிரித்துக்கொண்டு சொன்னார்: நான் முன்னால் இறங்கினால் எப்போது அவுட் ஆவேன் என்றுதான் காத்திருப்பார்கள் என்று. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்தப் பாசத்தை வெற்றியின் ருசியை வைத்துப் பார்த்தவர் உளவியலாளர் ராபர்ட் சியால்டினி. 1976இல் வெளியான ஆய்வு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில், சனிக்கிழமை நடக்கும் 'அமெரிக்கன் ஃபுட்பால்' ஆட்டத்தில் தங்கள் அணி வென்றிருந்தால் திங்கட்கிழமை வகுப்புக்குப் பல்கலைக்கழகப் பெயர் பொறித்த சட்டை போட்டு வருபவர்கள் கூடுகிறார்கள் என்று எண்ணிக் காட்டினார். பிறர் சம்பாதித்த பெருமையில் குளிர்காய்வது. மனிதர்களைப் பற்றிய உண்மைதான். ஜெயித்த மறுநாள் மின்சார ரயிலில் ஏறினால் கண்ணுக்குத் தெரியும். ஆனால் 2025? சென்னை பதினான்கு ஆட்டத்தில் நான்கை மட்டும் வென்று, வரலாற்றில் முதல் முறையாகக் கடைசி இடத்தில் முடித்தது. 2008க்குப் பிறகு சேப்பாக்கத்தில் ஜெயிக்கவே முடியாதிருந்த பெங்களூரு இங்கே வந்து அடித்துவிட்டுப் போனது. சொந்த மண்ணில் தொடர்ந்து ஐந்து தோல்வி. அப்போதும் டிக்கெட் விற்றது; அப்போதும் மஞ்சள் சட்டைக்காரர்கள் அரசினர் தோட்ட மெட்ரோ நிலையத்திலிருந்து சாரைசாரையாக நடந்தார்கள். குளிர்காய நெருப்பே இல்லாத இடத்தில் ஏன் உட்கார்ந்திருந்தார்கள் என்பதற்குச் சியால்டினியிடம் பதில் இல்லை. திட்டிக்கொண்டேதான் உட்கார்ந்திருந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெரியப்பா அந்த ஏப்ரல் மாதம் பயன்படுத்திய சொற்களை வங்கியில் கடன் கட்டாதவர்களிடம்கூடப் பயன்படுத்தியிருக்கமாட்டார்.

எதிரியை வெறுப்பதில் உள்ள சுகம் என்பது இன்னொரு பதில். அதற்கு எதிராகச் சேப்பாக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. 1999 ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை. பாகிஸ்தான் டெஸ்ட் ஆட இந்தியாவுக்கு வந்து பன்னிரண்டு ஆண்டு ஆகியிருந்தது. அவர்கள் வரக்கூடாது என்று டெல்லியில் ஆடுகளத்தையே தோண்டிப்போட்டிருந்தார்கள். 271 ரன் இலக்கு. ஆறு ரன்னுக்கு இரண்டு விக்கெட், 82க்கு ஐந்து. பிறகு சச்சினும் மோங்கியாவும் சேர்ந்து தூக்கி நிறுத்தினார்கள். முதுகு வலியோடு சச்சின் அடித்தது 136. பதினேழு ரன் வேண்டும், நான்கு விக்கெட் கையில் இருக்கிறது என்ற நிலையில் சக்லைன் முஷ்டாக்கின் பந்தைத் தூக்கி அடித்தார், அக்ரம் பிடித்தார். அடுத்த நான்கு ரன்னுக்குள் எல்லாம் முடிந்தது. பன்னிரண்டு ரன்னில் தோல்வி.

என் மாமா அன்று கேலரியில் இருந்தவர். கடைசி விக்கெட் விழுந்ததும் பக்கத்தில் இருந்தவர் செய்தித்தாள் தொப்பியைக் கழற்றி மடித்து பைக்குள் வைத்துக்கொண்டதைத்தான் முதலில் சொல்வார். அவ்வளவு அமைதியாம். பிறகு பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடத் தொடங்கினார்கள். கூட்டம் எழுந்தது. எழுந்து கைதட்டியது. சுற்றி முடிக்கும்வரை தட்டியது. மாமாவுக்குக் கண்ணில் நீரும் வந்ததாம், கையும் தட்டிற்றாம். எது எதற்காக என்று கேட்டால், "அதெல்லாம் பிரித்துப் பார்க்க நேரமில்லை" என்பார்.

சென்னைக்காரர்கள் இதைச் சொல்லிப் பெருமையடித்துக்கொள்வது வழக்கம். மூன்று வாரம் கழித்துக் கொல்கத்தாவில் அதே அணிகள் ஆடிய டெஸ்டில், சச்சின் ரன் அவுட் ஆனதால் கலவரமாகி, காலி மைதானத்தில் ஆட்டத்தை முடித்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வோம். எனக்கு அந்தப் பெருமையில் முழு நம்பிக்கை இல்லை. செருப்பு பறந்ததும் இதே கேலரியில்தான். இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் மார்க் லெவின் குழுவினர் செய்து 2005இல் வெளியிட்ட சோதனைதான் இதை எனக்கு ஓரளவு புரியவைத்தது. மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்களிடம் அவர்களுடைய அணியைப் பற்றிப் பேசவைத்துவிட்டு, நடந்து போகும் வழியில் ஒருவர் தடுக்கி விழுவதுபோல் நடிக்கவைத்தார்கள். விழுந்தவர் யுனைடெட் சட்டை போட்டிருந்தால் பெரும்பாலோர் ஓடிப்போய்த் தூக்கினார்கள். லிவர்பூல் சட்டை என்றால் பெரும்பாலோர் தாண்டிப்போனார்கள். அடுத்த முறை, கால்பந்து ரசிகராக இருப்பதைப் பற்றிப் பேசவைத்தார்கள். லிவர்பூல் சட்டைக்காரருக்கும் உதவி கிடைத்தது. எந்த அணிச் சட்டையும் போடாதவருக்குத்தான் கிடைக்கவில்லை. 1999இல் ஐந்து மணி நேர ஆட்டம் சேப்பாக்கத்தை அப்படி ஆக்கியிருக்க வேண்டும். அந்த அரை மணி நேரம் அவர்கள் இந்தியர்களாக இருந்ததைவிட, அந்த நாளைச் சேர்ந்து பார்த்தவர்களாக இருந்தார்கள். சக்லைனும் அந்த நாளைச் சேர்ந்தவர்.

சேர்ந்து பார்த்தவர்கள். 2017க்கும் 2019க்கும் நடுவே இருந்த வேறுபாடும் இதுதான் என்று எனக்குப் படுகிறது. புனே அணியோடு எங்கள் வீட்டுக்குப் பொதுவான இரவுகளே கிடையாது. சென்னை அணியோடு 2008 முதல் இருந்தன. பாதிக்கு மேல் பவர்கட்டிலும் பரீட்சைக் காலத்திலும் வந்தவை. 2010 கோப்பை என்றால் எனக்குப் பாட்டி நினைவுக்கு வருகிறாள், ரெய்னா அல்ல. பாட்டி அந்த வருடம் இருந்தாள்.

அதோடு, இந்த இரவுகளில் நம்மால் ஆகக்கூடியது ஒன்றுமே இல்லை என்பதும் முக்கியம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மருந்து வாங்க ஓடலாம். இங்கே ஓட இடமில்லை. மேலனேசியாவின் டிரோபிரியண்ட் தீவு மீனவர்களைப் பற்றி மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி எழுதியிருக்கிறார்: அமைதியான காயலில் மீன் பிடிக்க அவர்களுக்கு மந்திரம் தேவைப்படுவதில்லை, ஆபத்தும் நிச்சயமின்மையும் நிறைந்த ஆழ்கடலுக்குப் போகும்போதுதான் சடங்குகள் எல்லாம். அவர்களாவது துடுப்புப் போடலாம். பெரியப்பாவின் கையில் துடுப்புகூட இல்லை. காலை மாற்றாமல் இருப்பது ஒன்றுதான் அவரால் அணிக்குச் செய்ய முடிந்த உழைப்பு. மரத்துப்போன காலோடு உழைத்தவருக்கு வெற்றியில் பங்கு கேட்க உரிமை உண்டு என்றே நான் நினைக்கிறேன்.

உடம்பு இதை விளையாட்டு என்று எடுத்துக்கொள்வதில்லை. 2006 உலகக்கோப்பைக் கால்பந்தின்போது மியூனிக் வட்டாரத்தில் எடுத்த கணக்கின்படி, ஜெர்மனி ஆடிய நாட்களில் இதய நெருக்கடிகள் வழக்கத்தைவிட 2.66 மடங்கு இருந்தன. எங்கள் வீட்டில் மருத்துவர் சொல்லாமலேயே ஓர் ஏற்பாடு இருக்கிறது: கடைசி ஓவரில் பத்துக்கு மேல் தேவை என்றால் பெரியப்பாவை மாடிக்கு அனுப்பிவிடுவோம். 2023 இறுதி ஆட்டத்தில் மோகித் சர்மாவின் கடைசி இரண்டு பந்தில் பத்து ரன் வேண்டியிருந்தது. ஜடேஜா சிக்ஸர் அடித்தார், அடுத்ததைப் பவுண்டரிக்குத் தட்டிவிட்டார். பெரியப்பா இரண்டையும் பார்க்கவில்லை. மொட்டை மாடியில் நின்று, அக்கம்பக்கத்து வீடுகளின் சத்தத்தை வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். முதல் சத்தம் வந்ததும் சிக்ஸரா விக்கெட்டா என்று தெரியாமல் தவித்ததுதான் தன் வாழ்க்கையிலேயே நீளமான அரை நிமிடம் என்கிறார்.

இதை அழகாக மட்டும் எழுதிவிட்டுப் போக முடியவில்லை. 2025 ஜூன் 3 அன்று பெங்களூரு அணி பதினெட்டு ஆண்டுக் காத்திருப்புக்குப் பிறகு கோப்பையை வென்றது. மறுநாள் சின்னசாமி மைதானத்துக்கு வெளியே நெரிசலில் பதினொரு பேர் இறந்தார்கள். வெறி பிடித்த கூட்டம் என்று சிலர் எழுதினார்கள். எனக்கு அந்தச் சொல்லைப் படித்ததும் கோபம் வந்தது. அவர்களும் பதினெட்டு வருடம் காலை மாற்றாமல் உட்கார்ந்திருந்தவர்கள். ஒரு நாள் எழுந்து நேரில் பார்க்கப் போனார்கள். அத்தனை பேர் வருவார்கள் என்று தெரிந்திருக்க வேண்டியவர்கள் வேறு. ரசிகனின் பாசத்தை வைத்துச் சட்டையும் டிக்கெட்டும் விற்கத் தெரிந்தவர்களுக்கு, அதே பாசம் வாசலில் வந்து நிற்கும்போது எத்தனை கதவு திறந்திருக்க வேண்டும் என்று கணக்குப் போடவும் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த நவம்பரில் சென்னை அணியில் ஜடேஜாவை ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டு சஞ்சு சாம்சனை வாங்கினார்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அன்று பண்டிகைக்கும் இல்லாத கூட்டம். 'வியாபாரம்' என்று பெரியப்பா ஒற்றைச் சொல் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டார். பெரியம்மாதான் விடவில்லை. "பெண்ணை வேற்றூரில் கட்டிக்கொடுத்தால் தீபாவளிக்குக் கூப்பிடாமல் இருப்போமா? அவன் இங்கே ஆட வரும்போது நான் கைதட்டத்தான் போகிறேன்" என்றார். அப்படியானால் ஜடேஜா நம் பந்துவீச்சை அடித்து நொறுக்கினால் பரவாயில்லையா என்று கேட்டேன். ஐம்பது அடிக்கட்டும், ஆனால் நாம்தான் ஜெயிக்க வேண்டும் என்றார். பெரியப்பா மறுபடியும் குழுவுக்குள் வந்து, அவன் நான்கு ஓவர் போடுவானே, அதில் எத்தனை விக்கெட் கொடுப்பதாக உத்தேசம் என்று கேட்டார். ஒன்று கொடுக்கலாம் என்பது பெரியம்மாவின் கட்சி. சித்தப்பா மகன் ஒன்றுகூடக் கூடாது என்கிறான். விவாதம் இன்னும் முடியவில்லை.